பசை கேட்டுப் போன சின்னவள்

பன்னிரண்டு வயதோடு நின்றுபோன உயரம் அவளுக்கு. நாலடி ஆறங்குலம். அதற்கு மேல் இம்மிகூட வளரமாட்டேன் என்று உடம்பு அடம்பிடித்துவிட்டது. முகமும் அப்படியே. இருபத்தாறு வயதிலும் அவள் பேருந்தில் ஏறினால் நடத்துனர் கேட்காமலே அரை டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவார். "முழு டிக்கெட் குடுங்க" என்றால், "அம்மா கூட வரலையா பாப்பா?" என்பார். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்று பெயர். வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்தில் அரை டிக்கெட். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றாலும் காதுக்கு வராமல் இல்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வாள். "கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது" என்று ஆறுதல் சொல்ல வருகிறவர்களைத்தான் அவளால் பொறுக்க முடியாது. அந்தப் பழமொழியை முதலில் சொன்னவன் கையில் கிடைத்தால் அவன் கண்ணிலேயே கடுகை அரைத்துத் தேய்ப்பேன் என்பாள்.

அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அப்பா லாரி ஓட்டினார்; மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அக்கா படிப்பை மூட்டை கட்டிவைத்துவிட்டுத் தங்கைக்குத் தலை வாரிவிட்டாள், சோறு கட்டிக் கொடுத்தாள், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அவள் சொன்னது ஒன்றே ஒன்று: "தங்கச்சியும் கூட வருவா." இரண்டு வரன்கள் வந்த வழியே திரும்பிப் போயின. மூன்றாவதாக வந்தவர் ஆணி, பெயிண்ட், பூட்டு எல்லாம் விற்கும் ஹார்டுவேர் கடைக்காரர். "வரட்டுமே, வீட்டுக்கு ஒரு பேச்சுத் துணை ஆச்சு" என்றார். சொன்ன சொல்லை ஒரு நாளும் மீறவில்லை. சின்னவளைப் படிக்கவைத்தார். நகராட்சித் தேர்வுக்கு அவரே விண்ணப்பம் வாங்கிவந்தார். வேலை கிடைத்த அன்று கடையில் இருந்த ஆட்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அத்தான் என்று அவள் கூப்பிட்டாலும் மனசுக்குள் அப்பா ஸ்தானம்தான்.

அவளுக்குக் கிடைத்த வேலை உரிமப் பிரிவில். கடைக்காரர்களின் உரிமத்தைப் புதுப்பிக்கிற கோப்புகளைத் தேதிவாரியாக அடுக்கிவைக்க வேண்டும். மேல் தட்டுக்குக் கை எட்டாததால் ஒரு சிறு ஏணியை எப்போதும் கூடவே இழுத்துக்கொண்டு திரிவாள்.

அப்படி நாலு வருஷம் ஓடியது. பிறகுதான் அந்தச் சம்பவம். பழைய சரக்குக் கிடங்குக்குப் பின்னால் பதினாலு வயதுப் பெண் ஒருத்தி செத்துக் கிடந்தாள். பஞ்சர் ஒட்டுகிற பசையை முகர்ந்து முகர்ந்து, ஒரு நாள் மூச்சு அப்படியே நின்றுவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். விசாரித்துப் பார்த்தால் அவள் ஒருத்தி மட்டும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் பசை, பெயிண்டில் கலக்கிற தின்னர் என்று பழகியிருந்தார்கள். சாராயம் என்றால் ஊரே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கும். பசையை யார் பார்த்தார்கள்?

நகராட்சி ஒரு விதி கொண்டுவந்தது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு இந்த மாதிரிப் பொருட்களை விற்கக் கூடாது. பார்த்தால் சின்ன வயதாகத் தெரிகிற யாரிடமும் அடையாள அட்டையைக் கேட்டுப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது. கேட்காமல் கொடுத்தாலே குற்றம். எல்லாக் கடைகளுக்கும் அறிவிப்பு போனது. எல்லாரும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்கள். அதற்கு மேல் அந்தத் தாள் பொட்டலம் கட்டத்தான் போயிருக்கும்.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் பிரிவு அதிகாரி சின்னவளைக் கூப்பிட்டார். ஓய்வு பெற இரண்டே வருஷம் இருந்த மனிதர்; சுற்றி வளைத்துத்தான் எதையும் சொல்வார்.

"உனக்கு ஒரு வேலை இருக்கும்மா. ஆனா நீ கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க சார்."

"கடைக்காரங்க விதியை மதிக்கிறாங்களான்னு பாக்கணும். அதுக்கு யாராவது போய்ப் பசை வாங்கிப் பாக்கணும். நிஜமாவே சின்னப் பிள்ளைங்களை அனுப்ப எனக்கு மனசு வரலை. அதனால, வயசுல பெரியவங்களா, பாத்தா மட்டும் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"அரை டிக்கெட்டா இருக்கணும்" என்று சின்னவள் முடித்தாள்.

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அவளுக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் செத்துப்போன அந்தப் பெண்ணின் படம் செய்தித்தாளில் வந்ததைப் பார்த்தவள் அவள். பல் தெரியச் சிரிக்கிற முகம். நிபந்தனை இரண்டு போட்டாள். பள்ளிச் சீருடை போட மாட்டேன். யாராவது வயசு கேட்டால் பொய் சொல்ல மாட்டேன், அட்டையை நீட்டுவேன். அதிகாரி ஒப்புக்கொண்டார்.

சாட்சிக்குக் கூடப் போனவர் அலுவலக உதவியாளர். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர், நெட்டை என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் எதிர்ச்சாரியில் நின்று கவனிக்க வேண்டும். அவள் உள்ளே போய்ப் பசை கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்து நடந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. கடைசியில் நூறு அடி இடைவெளி விட்டு நடப்பது என்று முடிவு செய்தார்கள்.

முதல் கடை சைக்கிள் கடை. கடைக்காரர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டுக் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு பசை" என்றாள். தலையைத் தூக்காமலே எடுத்துக் கொடுத்தார். அவ்வளவுதான். வெளியே வந்து கையில் இருந்த பசையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இவ்வளவு சுலபமா?

இரண்டாவது கடை பேனா, நோட்டு விற்கிற கடை. எழுத்தை அழிக்கிற வெள்ளை மையில் கலக்கிற தின்னர் கேட்டாள். அங்கே இருந்த அம்மாள் சின்னவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கல்லாவை விட்டு எழுந்துவந்து அவள் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எதுக்குடா கண்ணு தின்னர்? வீட்டுல யாராவது திட்டினாங்களா? பரீட்சை சரியா எழுதலையா? சாப்பிட்டியா இல்லையா? உண்மையைச் சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

தண்ணீர் கொடுத்தாள். விட்டால் ஊட்டியே விட்டிருப்பாள். வேறு வழியில்லாமல் சின்னவள் அட்டையைக் காட்டினாள். அந்த அம்மாள் அதைத் தூரப் பிடித்துப் படித்தாள், கிட்டப் பிடித்துப் படித்தாள்.

"இருபத்தாறா! ஏம்மா, கல்யாணம் ஆயிடுச்சா? எங்க அண்ணன் பையன் ஒருத்தன் இருக்கான்..."

எதிர்ச்சாரியில் நெட்டை பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார், சிரிப்பை அடக்க முடியாமல். மூன்றாவது கடைக்காரர் அட்டையைப் பார்த்த பிறகும் நம்பவில்லை. "அக்கா அட்டையைத் தூக்கிட்டு வந்துட்டியா? ஓடு, இல்லைன்னா உங்க வாத்தியார்கிட்ட சொல்லுவேன்" என்று விரட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக விரட்டப்பட்டதற்கு அவள் மனசார நன்றி சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் முதல் வாரம் ஏறி இறங்கிய கடைகளில் பாதிக்கு மேல் சைக்கிள் கடைக்காரரைப் போலத்தான். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. கை நீட்டினால் பொருளைக் கொடுப்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரிப் பழகிப்போயிருந்தது.

அடுத்த வாரம் பாலத்துக்கு அந்தப் பக்கம். பட்டியலைப் பார்த்தபோது ஒரு முகவரியில் அவள் கண் நின்றது. அத்தான் போன வருஷம் திறந்த இரண்டாவது கடை அது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தினார். அவள் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. நேரே அதிகாரியிடம் போய்ச் சொன்னாள்.

"அங்க இருக்கிற ஆளுக்கு உன்னைத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"உனக்கு இஷ்டமில்லைன்னா அந்த ஒரு கடையை விட்டுடலாம். நான் கேள்வி கேக்க மாட்டேன்."

அவள் சிரித்தாள். "வேணாம் சார், போறேன். எங்க அத்தான் கடையில அந்தப் பேச்சுக்கே இடமிருக்காது."

மார்தட்டிச் சொன்னதுதான். விதி வந்த அன்று சாப்பிடும்போது அத்தானே சொல்லியிருந்தார்: "பச்சப் பிள்ளைங்களுக்கு விஷத்தை விக்கிறவன் மனுஷனா?" நல்ல கடை என்று இன்னொன்றை எழுதலாம் என்ற சந்தோஷத்தோடுதான் படியேறினாள்.

பிற்பகல் மூன்று மணி. கடையில் வேறு யாரும் இல்லை. நாற்பது வயது மதிக்கத்தக்க விற்பனையாளர், சட்டைப் பையில் அளவு நாடா, முகத்தில் நல்ல சிரிப்பு. அவள் "பசை" என்று வாய் திறப்பதற்குள் அவர் கை மேஜைக்குக் கீழே போய்விட்டது. பசையை எடுத்து வைத்தார். கூடவே சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றையும் வைத்தார்.

"நான் கவர் கேக்கலையே" என்றாள்.

"எல்லாரும் கேக்கிறதுதானே பாப்பா" என்றார் அவர் அன்பாக. "பின்னால சந்துல மட்டும் நிக்காத. நேத்து போலீஸ் வந்துட்டுப் போச்சு."

அந்த அன்புதான் அவளை உலுக்கியது. தெரியாமல் கொடுக்கிற கடைகளை அவள் பார்த்திருந்தாள். இங்கே முகரத்தான் என்று தெரிந்தே பையும் கொடுத்து, எங்கே நிற்கக் கூடாது என்பது வரை சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நெட்டை கடைக்கு எதிரே, பாலத்தின் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையில் இருந்ததைப் பார்த்தார். அது யார் கடை என்று அவருக்கும் தெரியும். பிறகு சொன்னார்: "நான் அந்த நேரம் வேற பக்கம் பாத்துட்டிருந்தேன்னு வெச்சுக்கலாம்மா. சாட்சி இல்லைன்னா அறிக்கை இல்ல. சோறு போட்ட வீடு. யோசிச்சு செய்."

அவளும் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கீழே தண்ணீர் கலங்கலாக ஓடியது. அக்காவின் மடி நினைவுக்கு வந்தது. அத்தான் விண்ணப்பத் தாளை மழையில் நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்தது. அந்த சைக்கிள் கடைக்காரருக்கும் ஒரு கொழுந்தியாள் இருந்திருந்தால் அவரும் தப்பியிருப்பார், இல்லையா? அவர் பெயரை யோசிக்காமல்தானே எழுதினோம்?

"எழுதுங்கண்ணே" என்றாள். "கவர் குடுத்ததையும் எழுதுங்க."

அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். விளக்கு வைக்கிற நேரம். அத்தான் அப்போதுதான் வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

அத்தான் முகத்தைத் துடைத்த துண்டைக் கீழே இறக்கவில்லை. "அந்த ஆளு செஞ்சிருப்பான். எனக்குத் தெரியாது" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

அக்காதான் வெடித்தாள். "வீட்டுக்கு வந்து என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்புறம் எழுதினா உன் கை முறிஞ்சா போயிருக்கும்?"

"சொல்லியிருந்தா நீங்க இன்னிக்கே அதை எடுத்து ஒளிச்சு வெச்சிருப்பீங்க அக்கா. மத்த கடைக்காரங்களுக்கு யார் முன்கூட்டியே சொன்னாங்க?"

"மத்த கடைக்காரங்களா உன்னை வளத்தாங்க?"

சின்னவள் அக்கா நறுக்கிய காயை எடுத்துக்கொண்டுபோய் அடுப்பருகில் வைத்தாள்.

பத்து நாளில் விசாரணை வந்தது. அதிகாரி மேஜைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் அத்தானும் அந்த விற்பனையாளரும். சின்னவள் மூலையில். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இந்த ஆளு எனக்குத் தெரியாம செஞ்சுட்டான் சார்" என்றார்.

விற்பனையாளர் மறுக்கவில்லை. தலையை ஆட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நான் செஞ்சது தப்புதான். அந்தப் பொண்ணு செத்தப்புறமும் செஞ்சேன், அது பெரிய தப்பு. ஆனா முதலாளி வாரா வாரம் வந்து என்ன நல்லாப் போகுதுன்னு கேப்பாரு. பசை நல்லாப் போகுதுன்னு சொன்னா முதுகுல தட்டிக் குடுப்பாரு. யாருக்குப் போகுதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

அத்தான் மறுத்துப் பேசுவார் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா சார்" என்றார் கடைசியில். "கேக்கல. கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

அந்தக் கடையை ஒரு மாதம் மூடச் சொன்னார்கள். பசையும் தின்னரும் விற்கிற உரிமையை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். விற்பனையாளரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று எல்லாரும் நினைத்தார்கள். அத்தான் அனுப்பவில்லை, பழைய கடையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். "அவனை அனுப்பிட்டா நான் யோக்கியன்னு ஆயிடுமா?" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் அக்கா தங்கையிடம் பேசவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை, சுவரிடம் பேசினாள். "சோறு ஆறிப்போகுது" என்று சுவருக்குச் சொல்வாள். "மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போறவங்க எடுத்துட்டுப் போகலாம்" என்று அடுப்புக்குச் சொல்வாள். அத்தான் இரண்டு பேருக்கும் நடுவில் மத்தளம் போல இருந்தார். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சின்னவள் வேலை பார்க்கிற பெண்கள் தங்கும் விடுதிக்குக் குடிபோனாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியபோது, "போர்வை பத்தாது, இன்னொன்னு எடுத்துட்டுப் போகணும்" என்று அக்கா கதவிடம் சொன்னாள். விடுதிக் காப்பாளர் சின்னவளைப் பார்த்துவிட்டு, "பள்ளிக்கூட ஹாஸ்டல் அடுத்த தெருவுலம்மா" என்றார்.

மூடிய கடையைத் திறக்க நாள் வந்தது. ஆள் வைக்க அத்தானுக்குத் துணிவு இல்லை. "நீயே வந்து உட்காரு" என்று அக்காவிடம் கேட்டார். பதினைந்து வருஷமாக அடுக்களையை விட்டு வெளியே வராதவள், ஒரே வாரத்தில் எந்த அளவு ஆணி எந்தப் பெட்டியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். தச்சர்களோடு பேரம் பேசினாள். கடை அவளுக்குப் பிடித்துப்போனது.

ஒரு பிற்பகல், அலுவலகத்தில் சின்னவளின் போன் அடித்தது. அக்காவின் எண். நாலு மாதத்தில் முதல் தடவை.

"இங்க ஒரு பொண்ணு வந்து நிக்குது" என்றாள் அக்கா, நேற்றுத்தான் பேசிய மாதிரி. "பதினஞ்சு வயசு இருக்கும். நம்ம கடையிலதான் வழக்கமா வாங்குமாம். பசை இங்க இல்லைன்னு சொல்லிட்டேன். நேத்தும் சொன்னேன், முந்தாநேத்தும் சொன்னேன். திட்டிப் பாத்தேன், போகலை. கையெல்லாம் நடுங்குது அதுக்கு. குடுக்காம இருக்கிறது சரி, அதுக்கு அப்புறம் என்ன செய்யணும்னு உங்க விதியில ஏதாவது எழுதியிருக்கா?"

எழுதியிருக்கவில்லை. சின்னவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "இருக்கச் சொல்லுங்கக்கா, வர்றேன்" என்று நெட்டையின் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு போனாள்.

கடை வாசலில் பெயிண்ட் டப்பா மேல் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மூக்கைச் சுற்றிப் புண். அக்கா கொடுத்த தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தாள். சின்னவளைப் பார்த்ததும், "நீயும் வாங்க வந்தியா? குடுக்க மாட்டாங்க" என்றாள் தோழியிடம் சொல்வதுபோல. அக்கா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது சிரிப்பாலா அழுகையாலா என்று சின்னவளால் சொல்ல முடியவில்லை.

அக்கா கடைக் கதவை இழுத்துப் பூட்டினாள். மூன்று பேரும் அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். வரிசையில் நிற்கும்போது அக்கா சொன்னாள்: "மெலிஞ்சு போயிருக்க. அங்க சோறு சரியில்லையா?" சுவரிடம் இல்லை, தங்கையிடம்.

சின்னவள் அந்த வாரமே அதிகாரியிடம் போய்ச் சண்டை போட்டாள். விற்கக் கூடாது என்று சொன்னால் போதாது, வந்து நிற்கிற பிள்ளையை எங்கே அனுப்புவது என்றும் கடைக்காரனுக்குச் சொல்லுங்கள் என்றாள். அதிகாரி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், மூன்று மாதம் இழுத்தார், கடைசியில் செய்தார். இப்போது எல்லாக் கடைகளிலும் மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவின் எண் ஒட்டியிருக்கிறது. ஒட்டியிருக்கிற எல்லாரும் கூப்பிடுகிறார்கள் என்று சொல்ல முடியாது, சிலர் கூப்பிடுகிறார்கள். ஒளித்து விற்கிற கடை இன்னும் இரண்டு மூன்று இருக்கத்தான் செய்கிறது. சின்னவளால் அங்கே போக முடிவதில்லை. அவள் தெருமுனையில் திரும்பும்போதே, "நகராட்சி வருது" என்று கடைக்குக் கடை சேதி போய்விடுகிறது. அந்த வேலை அவளுக்குப் பறிபோனது; பதவி உயர்வு கிடைத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். விடுதியை விட்டு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறாள். அத்தான் பழையபடி பேசுகிறார், கொஞ்சம் குறைவாக.

அந்தப் பெண் ஒரே நாளில் திருந்திவிடவில்லை. சிகிச்சைக்குப் போவாள், நின்றுவிடுவாள், எங்கேயோ காணாமல் போய் மறுபடி கடை வாசலில் வந்து நிற்பாள். அக்கா ஒவ்வொரு தடவையும் கடையைப் பூட்டிக்கொண்டு கூடப் போனாள். வியாபாரம் கெடுகிறதே என்று தச்சர்கள் கேலி செய்தார்கள். இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கடைசி எட்டு மாதமாக அந்தப் பெண் பசையைத் தொடவில்லை. விட்ட படிப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாள். சாயங்காலம் கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள். கணக்கு மட்டும் தலையில் ஏற மாட்டேன் என்கிறது, பசையால்தான் மூளை கெட்டுப்போச்சோ என்று ஒரு நாள் பயந்துபோய்க் கேட்டாள்.

அக்கா ஆணியை நிறுத்துக்கொண்டே சொன்னாள்: "அதெல்லாம் இல்ல. எனக்கும்தான் ஏறினதில்ல. நான் என்ன பசையா முகர்ந்தேன்?"